விளையாடாமல் வந்த கோப்பை

முகமது இஸ்மாயிலுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் இடது காது சிவந்துவிடும். சோழமண்டலக் கல்லூரியில் பந்து விளையாடிய பையன்கள் எல்லோருக்கும் இது தெரியும். காது சிவந்ததைப் பார்த்ததும் அவர் சொல்லாமலே ஓட ஆரம்பித்துவிடுவார்கள். எத்தனை சுற்று என்று யாரும் கேட்கக் கூடாது. அவர் போதும் என்கிற வரைக்கும் ஓட வேண்டும். அவருக்கோ அந்த வார்த்தை சுலபத்தில் வாயில் வராது.

பாலக்கரைக்காரர். இளவயதில் அந்தப் பேட்டையின் கிளப்புக்கு லெஃப்ட் ஹாஃப் ஆடியவர். ஒரு மாட்சுக்கு முந்தின நாள் முழங்கால் வீங்கியிருந்தபோது, ‘கட்டுப் போட்டுக்கிட்டு எறங்குடா, ஒண்ணும் ஆகாது’ என்று கேப்டன் சொல்ல, இறங்கினார். ஆனது. அன்றைக்கு அடிபட்ட கால் பிறகு ஒழுங்காக மடங்கவே இல்லை. ஆடுவது போயிற்று, ஆட்டிவைக்கலாம் என்று உடற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து சான்றிதழ் வாங்கி, 1952இல் தென்னூர்ப் பக்கம் இருந்த இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

‘ஃபுட்பால் டீமை நீங்கதான் தூக்கி நிறுத்தணும்’ என்று சொல்லித்தான் எடுத்தார்கள். நிறுத்தப் போனபோதுதான் தெரிந்தது, ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடுவது, மைக் செட்டுக்காரனைப் பிடித்து வருவது, கொடிக்கம்பத்துக்குக் கயிறு மாற்றுவது எல்லாம் அந்த வேலைக்குள்ளே அடக்கம் என்று. இவ்வளவும் முடிந்து மைதானத்துக்கு வந்தால் அங்கே மைதானம் இருக்காது. நிர்வாகம் அதை வருஷா வருஷம் சர்க்கஸ்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடும். கூடாரம் போன பிறகு கோல் போஸ்ட்டுக்கு முன்னால் முளை அடித்த குழிகளாக இருக்கும். யானை நின்ற இடத்தில் மழை பெய்தால் குளம் கட்டிக்கொள்ளும். இஸ்மாயில் தானே கூடையில் மண் சுமந்து கொட்டி, காலால் மிதித்து, வானத்தைப் பார்த்து, “யா அல்லா, நான் கேட்டது ஒரு கிரவுண்டுதானே?” என்பார்.

பிரின்சிபால் சேதுராமன் கணிதப் பேராசிரியர். தங்கமான மனிதர், ஆனால் உலகத்தில் உள்ள எதையும் பரீட்சையாகத்தான் பார்க்கத் தெரியும். முதல் வருஷம் வட்டாரக் கோப்பைப் போட்டியில் ஒரு கோலில் தோற்று வந்து நின்ற இஸ்மாயிலிடம், “ஒண்ணுதானே குறையறது? மறுகூட்டல் கேட்டுப் பார்க்கலாமா?” என்று விசாரித்தார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். இஸ்மாயில் வெளியே வந்து பையன்களை இருட்டும்வரை ஓடவிட்டார்.

அந்த வட்டாரக் கோப்பைதான் அவரைப் பிடித்து ஆட்டியது. சுற்றுப்பட்ட கல்லூரிகள் எல்லாம் ஆடுகிற போட்டி. வெள்ளி முலாம் பூசிய கோப்பை, இரண்டு பக்கமும் காது. அதைப் பெரும்பாலும் தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்று கொண்டுபோய்விடும். அங்கே பயிற்சியாளர் அற்புதசாமி. அதிர்ந்து பேசமாட்டார், பையன்களைத் திட்டமாட்டார், குடைக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே ஜெயித்துவிட்டுப் போவார். இஸ்மாயிலுக்கு அதைப் பார்த்தாலே எரியும்.

தஞ்சாவூரில் வெற்றிலை போட்டுக்கொண்டு ஜெயிக்கலாம், அங்கே பையன்கள் ஊரிலேயே இருந்தார்கள். இங்கே 1955இல் அரையிறுதிக்கு மூன்று நாள் இருக்கும்போது சென்டர் ஃபார்வர்டு வீரமலையைக் காணவில்லை. விசாரித்தால் வையம்பட்டிக்குப் போயிருக்கிறான். கடலை பறிப்பாம். இஸ்மாயில் பஸ் பிடித்துப் போனார். ஊருக்கு வெளியே ஒரு கடலைக் கொல்லையில் குனிந்துகொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா இருளாயி.

“அம்மா, பையனை அனுப்பி வைங்க. செமி ஃபைனல்.”

“என்ன பைனலோ எனக்குத் தெரியாதுங்க. மானம் கறுத்துக்கிட்டு நிக்குது. ரெண்டு நாளு மழை பேஞ்சா கடலையெல்லாம் மண்ணுக்குள்ளயே மொளைச்சிரும். அவன் அங்கிட்டு வந்து பந்தை ஒதைச்சா, இதை யாரு பறிக்கிறது? நீங்களா?”

இஸ்மாயிலின் காது சிவந்தது. ஆனால் வெள்ளைப் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக் கொல்லையில் இறங்கினார். மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, மறுநாள் மாலைவரைக்கும் பறித்தார். இருளாயிக்கு மனசு இளகிப்போயிற்று. “இந்தாங்க, வீட்டுல பிள்ளைகளுக்கு” என்று ஒரு பெரிய மூட்டைப் பச்சைக்கடலையும் கட்டிக் கொடுத்து, பையனையும் அனுப்பினாள். பஸ்ஸில் வரும்போது இஸ்மாயிலுக்கு ஒரே சந்தோஷம். போட்டியன்று பார்த்தால், நாள் கணக்கில் குனிந்தே இருந்த வீரமலைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. தலையால் முட்ட வேண்டிய பந்துக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிறவன் மாதிரி நின்றான். தோற்றார்கள்.

வீட்டில் மனைவி கமருன்னிசா கடலையை அவித்து வைத்திருந்தாள். “இதாச்சும் கெடைச்சுதுங்களே” என்றாள். இஸ்மாயில் தட்டைத் தள்ளிவிட்டார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து இழுத்துக்கொண்டார்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டதற்குக் கூலி மாதிரி 1958இல் ரெங்கராஜன் வந்தான். ஸ்ரீரங்கத்துப் பையன். நெடுநெடுவென்று உயரம், உலக்கை மாதிரித் தோள். கோல் போஸ்ட்டுக்கு நடுவில் நின்றான் என்றால் பின்னால் இருக்கிற வலை மறைந்துவிடும். அவன் இருந்த அந்த வருஷம் லீக் சுற்றில் ஒரு கோல்கூட உள்ளே போகவில்லை. இஸ்மாயில் வாழ்க்கையில் முதல்முறையாகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்.

மார்கழியில் அரையிறுதி. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது ரெங்கராஜன் பக்கவாட்டில் பாய்ந்து பந்தைப் பிடித்தான். பிடித்தவன் எழுந்திருக்கவில்லை. வலது தோள் இறங்கிவிட்டது. ஜெயித்துவிட்டார்கள், ஃபைனலும் வந்துவிட்டது, ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் அழுதான். வலியால் இல்லை. “அப்பாவுக்குத் தெரியாது சார். லைப்ரரியில படிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.”

மறுநாள் காலையில் பாலக்கரைச் சந்தில் இஸ்மாயில் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். பஞ்சகச்சம், நெற்றியில் பளிச்சென்று திருமண், நடந்தே வந்த வேர்வை. வலது தோளில் எலும்புக்கு மேலே காய்த்துப்போன ஒரு மேடு. ரெங்கராஜனின் அப்பா ராகவாச்சாரி. உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. தெருவிலேயே நின்று ஆரம்பித்தார்.

“நாங்க ஸ்ரீபாதந்தாங்கிகள். பெருமாள் புறப்பாட்டுக்குத் தோளுக்கினியான் பல்லக்கைச் சுமக்கிற வம்சம். எனக்கு வயசாயிடுத்து. இந்த ஏகாதசி உத்சவத்துக்கு அவன்தான் தோள் கொடுக்கணும்னு இருந்தோம். தலைமுறை தலைமுறையா வந்த கைங்கர்யம். அந்தத் தோளைப் போய் மண்ணுல போட்டு உடைச்சுட்டீரே ஓய்! உமக்கு வேற தோளே அகப்படலையா?”

இஸ்மாயில் காலையிலிருந்து டீகூடக் குடித்திருக்கவில்லை. “சாமி, எனக்கு யாரு சொன்னா? உங்க மகன் சொல்லலே, நீங்க சொல்லலே. நான் என்ன, ஒவ்வொரு பையனுக்கும் தோள்ல என்ன எழுதியிருக்குன்னா பாக்க முடியும்? கோலுக்கு முன்னாடி நிக்க ஒரு ஆள் கேட்டேன். அவனா வந்து நின்னான்!”

சந்தில் ஜன்னல்கள் திறந்தன. இரண்டு பேரும் விடவில்லை. கமருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரமாக வந்து, தெருவில் போய்க்கொண்டிருந்த இளநீர்க்காரனை நிறுத்தினாள். “சாமிக்கு ஒண்ணு சீவிக் குடுப்பா. எங்க பாத்திரம் வேணாம், அப்படியே குடு” என்றாள். ராகவாச்சாரி ஒரு கணம் தயங்கி, வாங்கி, அண்ணாந்து குடித்தார். குடித்து முடித்தபோது குரல் தணிந்துவிட்டது.

“தோள் சேர்ந்துடும்னு டாக்டர் சொல்றார். ஆனா இன்னொரு தரம் இறங்கித்துன்னா அப்புறம் ஆயுசுக்கும் பாரம் ஏத்த முடியாதாம். அவ்வளவுதான் சொல்லிட்டுப் போக வந்தேன்.”

அவர் திரும்பி நடந்தார். நடையில்கூட ஒரு சீரான அசைவு இருந்தது, தோளில் பல்லக்கு இருப்பதுபோல.

ஃபைனலன்று ரெங்கராஜன் வந்து நின்றான். கட்டை அவிழ்த்துவிட்டிருந்தான். “சார், நான் நிக்கறேன். வலியே இல்ல, பாருங்கோ” என்று கையைத் தூக்கிக் காட்டினான். காட்டும்போது உதடு வெளுத்தது. பக்கத்தில் நின்ற மற்றப் பையன்கள் இஸ்மாயிலின் முகத்தையே பார்த்தார்கள். சேதுராமன்கூட வந்திருந்தார். “பையன்தான் சரின்னு சொல்றானே, இஸ்மாயில்” என்றார்.

இஸ்மாயிலுக்கு யார்மேல் கோபம் என்று அவருக்கே விளங்கவில்லை. மறைத்த பையன்மேலா, வந்து கத்திய அப்பன்மேலா, முன்னொரு காலத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கச் சொன்ன அந்தக் கேப்டன்மேலா. “போடா வீட்டுக்கு!” என்று கத்தினார். “இன்னொரு தடவை இந்தக் கிரவுண்டுல உன்னைப் பாத்தேன், காலை ஒடிச்சிருவேன்.”

மாற்று கோல்கீப்பர் பிச்சை நல்ல பையன். கால் இரண்டையும் சேர்த்து வைக்க மட்டும் வராது. மூன்று பந்துகளில் இரண்டு அந்த வழியாகவே போயின. அற்புதசாமி குடையை மடக்கிக்கொண்டு கோப்பையுடன் ரயிலேறினார். ரெங்கராஜன் அந்த மார்கழியில் இல்லை, அடுத்த மார்கழியில் பல்லக்குக்குத் தோள் கொடுத்தான். ஆனால் கல்லூரியை விட்டுப் போகும்வரை இஸ்மாயிலிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் வேறு பக்கம் பார்ப்பான். ‘நல்லதைச் செஞ்சாலும் இதுதான் கதி’ என்று அவர் கமருன்னிசாவிடம் புலம்புவார். அவளும் எத்தனை நாள்தான் கேட்பாள்?

வருஷங்கள் போயின. சீனச் சண்டைக்குப் பிறகு கல்லூரிகளில் என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள். சாயங்காலம் முழுக்க மைதானத்தில் பூட்ஸ் சத்தம். பந்துப் பயிற்சி விடியற்காலைக்குப் போயிற்று. இருட்டில் பந்து எங்கே கால் எங்கே என்று தெரியாமல் உதைத்துக்கொண்டார்கள். அப்படியும் 1965இல் ஒரு நல்ல அணி சேர்ந்தது. கேப்டன் நஜிமுதீன் என்ற பாலக்கரைப் பையன். சொன்னதைக் கேட்கிறவன், காணாமல் போகாதவன். தை மாதத்தில் ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். எதிரே, வேறு யார், தஞ்சாவூர்தான்.

அப்போது இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. மாநிலம் முழுவதும் கல்லூரிகளை மூடினார்கள். ஊர்வலம், தடியடி, அங்கங்கே துப்பாக்கிச் சூடு என்று தினமும் செய்தி வந்துகொண்டிருந்தது. இஸ்மாயிலின் ஃபுல்பேக், ஸ்டாப்பர் இரண்டு பேரும் ஊர்வலத்தில் போய் உள்ளே இருந்தார்கள். போட்டியை எப்படியும் தள்ளிவைப்பார்கள் என்று அவர் நினைத்தார். ஆனால் போட்டிக் கமிட்டியின் செயலாளர், குறித்த தேதி குறித்ததுதான் என்று சொல்லிவிட்டார். வராத அணி தோற்ற அணி.

ஒன்பது பையன்களோடு கன்டோன்மென்ட் மைதானத்துக்குப் போய் நின்றார். ஒரு போலீஸ் வேன் வந்து நின்றது.

“என்னய்யா கூட்டம்? அஞ்சு பேர் சேந்து நிக்கக் கூடாதுன்னு தெரியாது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இது கூட்டம் இல்லீங்க, டீம்.”

“டீம்னா எத்தனை பேர்?”

“பதினோரு பேர் இருக்கணுங்க. ரெண்டு பேரை நீங்கதான் வச்சிருக்கீங்க.”

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பதா அடிப்பதா என்று தீர்மானிக்க முடியாமல், “சீக்கிரம் முடிச்சுட்டு நாலு நாலு பேராக் கலைஞ்சு போங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். முடிக்க என்ன இருந்தது? பஸ்ஸும் ஓடவில்லை, ரயிலும் ஓடவில்லை. தஞ்சாவூர் அணி எங்கிருந்து வரும்? செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், விசில் ஊதினார், “வாக் ஓவர்” என்றார்.

“வேணாங்க. அடுத்த மாசம் வச்சுக்கலாம். அவங்க வேணும்னேவா வராம இருக்காங்க?” என்றார் இஸ்மாயில்.

“ரூல்னா ரூல்தான் பாய். பிடிங்க.”

பதின்மூன்று வருஷமாக எட்டி எட்டிப் பார்த்த கோப்பையைச் சாக்குப் பை மாதிரிக் கையில் திணித்தார்கள். ஒருவரும் கை தட்டவில்லை. தட்ட ஆளும் இல்லை. பையன்கள் நாலு நாலு பேராகக் கலைந்து போனார்கள்.

கல்லூரி திறந்ததும் சேதுராமனுக்குத் தலைகால் புரியவில்லை. கோப்பையை அலுவலகத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்து மாலை போட்டார். பிரார்த்தனைக் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் பேசினார். இஸ்மாயில் போய், பரீட்சைக்கு முன்னால் தஞ்சாவூரோடு ஒரு ஆட்டம் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார்.

“எதுக்கு? பாஸ் பண்ணினவன் மறுபடி போய்ப் பரீட்சை எழுதுவானா?”

“பரீட்சையே எழுதலையே சார், நாம.”

“ரிசல்ட் வந்தாச்சே!” என்று சேதுராமன் ஃபைலைத் திறந்துகொண்டார்.

அலமாரிச் சாவி இஸ்மாயிலிடம்தான் இருந்தது. வாரம் ஒருமுறை துடைப்பதும் அவர் வேலைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோப்பையைப் பழைய புடவையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். “யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அண்டா தூக்கிட்டுப் போறீங்க?” என்று கமருன்னிசா கேட்டாள். பதினோரு பையன்களும் ரயிலடியில் காத்திருந்தார்கள். உள்ளே இருந்த இரண்டு பேரும் விடுதலையாகி வந்திருந்தார்கள்.

தஞ்சாவூரில் சொல்லாமல் வந்து நின்ற அணியைப் பார்த்து அற்புதசாமி திகைத்துப்போனார். ஆனாலும் பையன்களைக் கூப்பிட்டு இறக்கினார். முதல் பாதியில் நஜிமுதீன் ஒரு கோல் போட்டான். இஸ்மாயில் அன்றைக்குக் கத்தியது போல என்றைக்கும் கத்தியதில்லை. அப்படியே ஜெயித்துவிட்டால் கோப்பையை நெஞ்சு நிமிர்த்திக் கொண்டுபோகலாம் என்று ஆசை வந்துவிட்டது. இரண்டாம் பாதியில் அவர்கள் ஒன்று போட்டார்கள். கடைசியில் ஸ்டாப்பர் பதறிப்போய்க் கையால் பந்தைத் தட்டிவிட்டான். பெனால்ட்டி. “ஜெயிலுக்குப் போயும் கை சும்மா இருக்கலையேடா!” என்று இஸ்மாயில் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டுக்கு ஒன்று.

அவர் எழுந்து பையிலிருந்து கோப்பையை எடுத்து நீட்டினார்.

“என்னங்க பாய் இது, விளையாட்டா?” என்றார் அற்புதசாமி.

“விளையாட்டுதாங்க. தோத்தவன் வீட்டுல இது எதுக்கு? பிடிங்க.”

ரயிலில் திரும்பினார்கள். பூதலூர் தாண்டியபோது நஜிமுதீன் மெல்லச் சொன்னான். “நீங்க செஞ்சது சரிதான் சார். ஆனா எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த ஒண்ணுதான் எங்ககிட்ட இருந்துச்சு.”

இஸ்மாயிலுக்குக் காது சிவக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோப்பை தன்னுடையது என்றே அத்தனை வருஷமும் நினைத்துவிட்டோமே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நிர்வாகம் கொதித்தது. கல்லூரிச் சொத்தைக் கொண்டுபோய் அயலூரில் கொடுத்தார் என்று விசாரணை வைத்தார்கள். தாளாளர் கேட்டார், “அது பதிவான மாட்சே இல்லையே, அதுல தோத்தா என்ன?”

“பந்துக்கு அது தெரியலீங்களே” என்றார் இஸ்மாயில்.

அந்தப் பதிலுக்கே ஒரு மாதம் தற்காலிக வேலைநீக்கம். அதைவிடக் கொடுமை, அந்த வாரமே தஞ்சாவூர்ப் பிரின்சிபால், ‘எங்களுக்கு உரியது அல்ல’ என்று ஒரு பியூனிடம் கோப்பையைத் திருப்பி அனுப்பிவிட்டார். வரும் வழியில் ஒரு காது நசுங்கியிருந்தது. சேதுராமன் அதை மறுபடி அலமாரியில் வைத்தார், சாவியைத் தானே வைத்துக்கொண்டார். சாயங்காலம் நஜிமுதீனும் பையன்களும் பாலக்கரைக்கு ஓடிவந்து, “சார், கப் வந்துடுச்சு!” என்று கத்தினார்கள். முகமெல்லாம் சிரிப்பு. இஸ்மாயில் திட்ட வாயைத் திறந்தார். “உள்ள வாங்கடா, டீ குடிச்சுட்டுப் போங்க” என்றார்.

வேலையை விட்டுவிடுவதாகத்தான் இருந்தார். கமருன்னிசாவிடம் சொல்லியும்விட்டார். அவள், “விட்டுட்டு வீட்டுல உக்காந்து யாரைத் திட்டப் போறீங்க? என்னையா?” என்று கேட்டாள்.

ஜூன் மாதம் புதுச் சேர்க்கை. அலுவலக வராந்தாவில் வரிசை நின்றது. மற்ற ஆசிரியர்கள் மதிப்பெண் பட்டியல்களைப் பார்த்துக்கொண்டிருக்க, இஸ்மாயில் தூணோரம் நின்று ஒவ்வொருவன் காலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் ஈர்க்குச்சிக் கால்கள். ஒருவனுக்குத் தட்டைப் பாதம். இன்னொருவன் மாடிப்படி ஏறியதற்கே மூச்சு வாங்கினான். கடைசியில் லால்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன், வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான்.

“தம்பி, ஃபுட்பால் ஆடுவியா?”

“இல்லீங்க சார். கேரம்தான் தெரியும்.”

இஸ்மாயிலின் இடது காது மெல்லச் சிவக்க ஆரம்பித்தது.

“கேரம்!” என்றார். “சரி, நாளைக்குக் காலையில கிரவுண்டுக்கு வா. வரும்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வராதே. மண்ணுல விழ வேண்டியிருக்கும்.”